"நல்லா இருக்குன்னு சொல்லு": பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் குழுவில் நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோர். மீதி ஆசிரியர்களும் உள்ளாட்சி உறுப்பினர்களும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் வகுத்திருக்கிறது. வீடும் பள்ளியும் முறைப்படி ஒன்றாக உட்காருகிற இடம் உங்கள் கூட்டம். நாங்கள் சொல்ல வருகிற சிக்கல் பாதி வீட்டிலும் பாதி பள்ளியிலும் கிடப்பதால், கல்வித் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறோம்.

காலையில் வகுப்பில் வாய்மை அதிகாரத்தை ஒப்பித்த பிள்ளை மாலையில் அத்தை வீட்டுக்குப் போகிறது. "உப்புமா எப்படிடா கண்ணு இருக்கு?" "நல்லாவே இல்ல அத்தை." தெருவுக்கு வந்ததும் அம்மா கையைக் கிள்ளுகிறார்: "நல்லா இருக்குன்னு சொன்னா வாய் வலிக்குமா?" மறுநாள் வாசலில் கடன் கொடுத்தவர் நிற்கிறார். "அப்பா இல்லைன்னு சொல்லு." அதே வாரம் பென்சில் தொலைந்ததை மறைத்ததற்கு அடி விழுகிறது: "பொய்யா சொல்றே?" ஒரே வாரத்தில் ஒரே பிள்ளைக்கு மூன்று சட்டம். எந்தச் சட்டம் எப்போது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. பிள்ளை தானாகவே ஒன்றைக் கற்றுக்கொள்கிறது. அது மரியாதை அல்ல. எதைச் சொன்னால் அடி விழாது என்கிற கணக்கு.

நாங்கள் கேட்பது இதுதான்: பிள்ளையிடம் "பொய் சொல்லு" என்றும் சொல்ல வேண்டாம், "மனசுல பட்டதை அப்படியே சொல்லு" என்றும் சொல்ல வேண்டாம். இருக்கிற உண்மைகளில் எதை எடுத்துச் சொல்வது என்று பழக்குங்கள். கூடவே, மரியாதை பார்க்கவே கூடாத இடங்கள் எவை என்பதையும் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுங்கள்.

இதற்கான அடித்தளம் தமிழ் வகுப்பிலேயே இருக்கிறது. தகுதி வழக்கு என்று இலக்கணத்தில் படித்திருப்பீர்கள். சபையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல்: "கால் கழுவி வந்தான்." அமங்கலத்தை மாற்றிச் சொல்வது மங்கலம்: "இறைவனடி சேர்ந்தார்", "விளக்கைக் குளிர வை." இதையெல்லாம் நம் முன்னோர் பொய்க் கணக்கில் வைக்கவில்லை, வழக்குக் கணக்கில் வைத்தார்கள். பிள்ளைக்கு இதைவிட எளிதாகப் புரிவது "போயிட்டு வர்றேன்." ஊர் மாறிப் போகிறவரும் அப்படித்தான் சொல்கிறார். "நாமதான் திரும்பி வரப் போறதில்லையே, ஏன் வர்றேன்னு சொல்றீங்க?" என்று ஆறு வயதுப் பிள்ளை கேட்டால் அதட்டி அடக்கிவிடாதீர்கள். "அது சேதி சொல்ற வார்த்தை இல்லம்மா, அன்பு சொல்ற வார்த்தை. கேக்குறவங்களுக்கும் அது தெரியும். துக்க வீட்டுல மட்டும் அதைச் சொல்ல மாட்டோம்" என்று விளக்குங்கள். சேதி சொல்லும் வார்த்தை வேறு, அன்பு சொல்லும் வார்த்தை வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

குறளையும் முழுதாகச் சொல்லிக்கொடுங்கள். 292ஆம் குறள் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கிறது, ஆனால் "புரைதீர்ந்த நன்மை" என்று ஒரு நிபந்தனை போட்டுத்தான் வைக்கிறது. குற்றமே இல்லாத நன்மை. பெரியவர்கள் தங்கள் வசதிக்குச் சொல்கிற பொய்க்கெல்லாம் இந்தக் குறளைத் துணைக்கு இழுப்பதை நிறையக் கேட்கிறோம். அரை டிக்கெட் மிச்சமாவதெல்லாம் புரைதீர்ந்த நன்மையில் சேராது.

வயது முக்கியம். மூன்று வயதுப் பிள்ளை பேருந்தில் "அந்த மாமா ஏன் இவ்ளோ குண்டா இருக்காரு?" என்று உரக்கக் கேட்பது அவமரியாதை அல்ல. தன் மனதில் இருப்பது வேறு, அடுத்தவர் மனதில் இருப்பது வேறு என்பதே ஏறக்குறைய நான்கு வயதில்தான் பிடிபடத் தொடங்குகிறது. அதுவரைக்கும் ஒரே ஒரு பழக்கம் போதும்: "ஆளுங்களைப் பத்தி ஏதாவது தோணுச்சுன்னா என் காதுல சொல்லு." காதில் சொன்னதும் பதில் சொல்லிவிட வேண்டும். "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளினால் அடுத்த முறை காதுக்கு வராது, உரக்கத்தான் வரும். ஐந்து, ஆறு வயதில் சொல்ல வேண்டிய வார்த்தையைப் பழக்கலாம். முகத்தையும் சேர்த்துக் காப்பது அதற்கும் பிறகு வருவது. வாய் "நன்றி" சொல்லும்போது முகம் தொங்கிப்போனால் அதற்காகத் திட்டாதீர்கள். அந்த வயதுக்கு அவ்வளவுதான் முடியும்.

வகுப்பில் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று. 1 முதல் 5 வகுப்புவரை எங்கும் பொருந்தும், பத்து நிமிடம் ஆகும். பழைய செய்தித்தாளில் நாலைந்து பொருள்களைப் பொட்டலம் கட்டுங்கள்: ஒரு உருளைக்கிழங்கு, சோப்புக் கட்டி ஒன்று, ஒற்றைக் கால் சாக்ஸ், தீர்ந்துபோன பேனா. இருவர் இருவராக வரட்டும். ஒருவர் கொடுக்க வேண்டும், மற்றவர் எல்லாருக்கும் முன்னால் பிரிக்க வேண்டும். பிரித்தவர் செய்ய வேண்டியவை மூன்று. முதலில் பொருளைவிட்டுக் கொடுத்தவரைப் பார்ப்பது. அடுத்து, உறவோ பெயரோ சொல்லி நன்றி சொல்வது. மூன்றாவது, உண்மையான ஒரு வாக்கியம் சொல்வது. இந்த மூன்றாவதில்தான் பாடமே இருக்கிறது. "சூப்பரா இருக்கு" என்று சொல்லக் கூடாது என்று முன்பே விதி போட்டுவிடுங்கள். அந்த ஒரு வாசலை மூடினால்தான் பிள்ளைகள் தேடத் தொடங்குவார்கள். "இதை நான் எதிர்பார்க்கவே இல்லை." "எனக்காக ஞாபகம் வச்சு வாங்கிட்டு வந்திருக்கீங்க." "கலர் பளிச்சுனு இருக்கு." எல்லாமே உண்மை, எதுவும் புண்படுத்தாது.

பயிற்சி சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. கொடுத்தவர் "பிடிச்சிருக்கா?" என்று திருப்பிக் கேட்டதும் பிள்ளை திகைத்து நின்றுவிடும். அத்தை வீட்டிலும் அதேதான் நடக்கிறது. அதனால் இரண்டாவது வாக்கியத்தையும் கையில் கொடுத்து வையுங்கள்: "நீங்க கொடுத்தது பிடிச்சிருக்கு." ஒற்றை சாக்ஸ் பிடிக்கவில்லை, ஆனால் கொடுத்தது பிடித்திருக்கிறது. இந்த நுணுக்கத்தைப் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள். கொடுக்கிறவர்களையும் இடம் மாற்றி உட்கார வையுங்கள். தான் கட்டிய பொட்டலத்தை அடுத்தவர் பிரிக்கும்போது அந்த முகத்தைப் பார்த்துக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் தெரியும். ஆட்டிசம் உள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால், முகத்தைப் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். நன்றியும் ஒரு வாக்கியமும் போதும். அந்த வாக்கியத்தையும் முன்கூட்டியே எழுதிக் கையில் கொடுத்துவிடலாம்.

சாப்பாட்டுக்கு நம் வழக்கிலேயே வார்த்தை இருக்கிறது: "வேண்டாம்" என்பதற்குப் பதில் "போதும்." பிடிக்காத பதார்த்தத்துக்குப் "போதும் அத்தை", பிடித்ததற்கு "சட்னி இன்னும் கொஞ்சம்." இவ்வளவு போதும்.

இனி, எந்த உண்மையைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்பது. குழந்தை உளவியல் ஆய்வாளர்களான விக்டோரியா தல்வாரும் காங் லீயும் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே உதவும். ஆய்வாளர் மூக்கில் பளிச்சென்று தெரிகிற சிவப்புக் கறையோடு புகைப்படத்துக்கு உட்கார்ந்து, "படம் எடுக்க நான் சரியா இருக்கேனா?" என்று 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார். பெரும்பாலான பிள்ளைகள் "சரியா இருக்கீங்க" என்றார்கள். அவர் போனபின் இன்னொருவரிடம் சரியாக இல்லை என்றும் சொன்னார்கள். பிள்ளைகள் இவ்வளவு சிறு வயதிலேயே மரியாதைப் பொய் சொல்கிறார்கள் என்பதற்கு இந்த ஆய்வை எடுத்துக்காட்டுவார்கள். எங்களுக்கு அதில் படுவது வேறு. மூக்கில் இருந்தது துடைத்தால் போகிற கறை. சொல்லியிருந்தால் படம் நன்றாக வந்திருக்கும். அங்கே அன்பான பேச்சு என்பது உண்மையைச் சொல்வதுதான்.

ஆகவே பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய முதல் கேள்வி: "இப்போ சரி பண்ண முடியுமா?" மேடை ஏறப்போகிற தோழியின் பல்லில் கீரை ஒட்டியிருக்கிறது, டீச்சர் கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கிறார், சாம்பாரில் உப்பே இல்லை. இவற்றைச் சொல்லியாக வேண்டும், ஆனால் தனியாக, மெதுவாக. வெட்டியாகிவிட்ட முடியையும் வாங்கியாகிவிட்ட புடவையையும் சரி செய்ய முடியாது. அங்கே நல்லதாக ஒன்றைத் தேடிச் சொல்லலாம். இரண்டாவது கேள்வி: "இப்படிச் சொன்னா யாருக்கு லாபம்?" பதில் "எனக்கு" என்று வந்தால் அது மரியாதை இல்லை, தப்பித்தல். மூன்று, நான்கு என்று கேள்வியை அடுக்க வேண்டாம். சிறு பிள்ளையின் நினைவில் இரண்டுதான் நிற்கும்.

ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், இதை நாங்கள் மிக முக்கியமாக நினைக்கிறோம். நம் வகுப்பறைகளில் நாள்தோறும் அதிகம் சொல்லப்படும் மரியாதைப் பொய் "புரிஞ்சுது டீச்சர்." "புரிஞ்சுதா?" என்று கேட்டதும் நாற்பது குரல் ஒரே ராகத்தில் எழும். புரியவில்லை என்று சொல்வது டீச்சரைக் குறை சொல்வது போல என்றோ, மற்றவர்கள் சிரிப்பார்கள் என்றோ பிள்ளை நினைக்கிறது. கேள்வியின் அமைப்பே பொய்யை வரவழைக்கிறது. கேள்வியை மாற்றுங்கள்: "இதுல எந்த வரி கஷ்டமா இருந்துச்சு?" ஏதோ ஒரு வரி கஷ்டம் என்பது கேள்விக்குள்ளேயே இருப்பதால், அதைச் சொல்வதில் கூச்சம் இல்லை. அல்லது எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சோடு சேர்த்து விரல் காட்டட்டும்: புரிந்தால் மூன்று, அரைகுறை என்றால் இரண்டு, புரியவே இல்லை என்றால் ஒன்று. முதல் வாரம் எல்லாரும் மூன்றுதான் காட்டுவார்கள். ஒரு விரல் காட்டிய பிள்ளையைப் பெயர் சொல்லி எழுப்பாமல், பாடத்தை மட்டும் திரும்ப எடுத்துப் பாருங்கள். விரல்கள் மெல்ல உண்மை பேசத் தொடங்கும்.

மரியாதை பார்க்கவே கூடாத இடங்கள் சில. உடம்பு, வலி, பயம். மருத்துவர் "வலிக்குதா?" என்றால் வலிக்கிறது என்றே சொல்ல வேண்டும். "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு" என்று பிள்ளையைத் தள்ளிவிடாதீர்கள்; ஒரு வணக்கம் போதும், மாமா வருத்தப்பட்டால் பெரியவர்கள் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பிடிக்காத தொடுதலை மரியாதைக்காகப் பொறுத்துக்கொள்ளப் பழகிய பிள்ளை, ஆபத்தான தொடுதலையும் பொறுத்துக்கொள்ளக்கூடும். ரகசியத்தையும் இரண்டாகப் பிரித்துச் சொல்லுங்கள். தம்பி பிறந்தநாளுக்கு வாங்கிய பரிசு, குறித்த நாளில் எல்லாருக்கும் தெரியப்போகிறது. அதைச் சொல்லாமல் வைத்திருக்கலாம். "யாருக்கும் எப்பவும் சொல்லாதே" என்று பெரியவர் யாராவது சொன்னால், அதை அன்றைக்கே அம்மாவிடமோ டீச்சரிடமோ சொல்லிவிட வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை வகுப்புச் சுவரில் பிள்ளைகளின் கண் உயரத்தில் எழுதி வையுங்கள். தலைமையாசிரியர் அறைக்குள் இருந்து பயன் இல்லை.

பெற்றோர் கைவிட வேண்டியவற்றையும் சொல்லாமல் முடிக்க முடியாது. ரயிலில் 5 வயது நிறையாத பிள்ளைக்குச் சீட்டு வேண்டாம் என்பதால் ஆறு வயதுப் பிள்ளையிடம் "கேட்டா நாலுன்னு சொல்லு" என்கிறோம். "ஊசி வலிக்கவே வலிக்காது" என்கிறோம். வலித்ததும் ஊசியோடு சேர்ந்து நம் பேச்சும் நம்பிக்கை இழக்கிறது. "சுருக்குன்னு இருக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும், நான் கையைப் பிடிச்சுக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். "சாப்பிடலேன்னா போலீஸ் பிடிச்சுட்டுப் போயிடும்" என்று மிரட்டி வளர்த்த பிள்ளை, திருவிழாக் கூட்டத்தில் தொலைந்தால் உதவி கேட்க வேண்டிய அந்தக் காக்கி உடுப்பைப் பார்த்தே ஓடி ஒளியும். பெரியவர் தன்னிடம் பொய் சொன்னதை அறிந்த 5 முதல் 7 வயதுப் பிள்ளைகள் தாமும் பொய் சொல்வது கூடுகிறது என்று 2014இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. கடன்காரர் வாசலில் நிற்கும்போது "அப்பாவால இப்போ வர முடியாதாம், சாயங்காலம் பேசுவாராம்" என்று பிள்ளை சொன்னால் போதும். சாயங்காலம் நீங்கள் பேசிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அதே 2014இல் காங் லீ குழுவினர் வெளியிட்ட இன்னோர் ஆய்வு கதை சொல்கிற ஆசிரியர்களுக்கு உதவும். "புலி வருது" வகைக் கதை, அதாவது பொய் சொன்னவன் கேடு அடைகிற கதை, பிள்ளைகளின் பொய்யைக் குறைக்கவில்லை. உண்மையை ஒப்புக்கொண்ட பிள்ளை பாராட்டப்படுகிற கதையே குறைத்தது. வீட்டிலும் அந்த வரிசையைப் பின்பற்றுங்கள். தம்ளர் உடைந்தது தெரிந்தால் முதல் வார்த்தை "சொன்னதுக்கு நன்றி." பிறகு துடைப்பத்தைக் கொடுங்கள், கண்ணாடிச் சில்லை மட்டும் நீங்கள் பொறுக்குங்கள். "நீயா உடைச்சே?" என்று பதில் தெரிந்தே கேட்காதீர்கள். அந்தக் கேள்வி பொய் சொல்லக் கொடுக்கிற அழைப்பு.

உங்கள் அடுத்த கூட்டத்தில் இதற்கென அரை மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்து, போன வாரத்தில் பிள்ளையைச் சொல்லச் சொன்ன பொய் ஒன்றைப் பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். ஆசிரியர்களும் எழுத வேண்டும். எழுத வராதவர்களுக்குக் குழுவுக்கு வெளியிலிருந்து ஒருவர் தனியாகக் கேட்டு எழுதிக் கொடுக்கட்டும். சீட்டுகளைக் கலந்து ஒவ்வொன்றாகப் படித்து, அந்த இடத்தில் வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று எல்லாருமாகச் சேர்ந்து ஒரு வாக்கியம் கண்டுபிடியுங்கள். பத்துச் சீட்டுக்கு அரை மணி நேரம் சரியாக இருக்கும். கண்டுபிடித்த வாக்கியங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி வகுப்பு ஆசிரியர்களிடம் கொடுங்கள்; சீட்டுகளை அங்கேயே கிழித்துப் போட்டுவிடுங்கள். இது யார் எழுதியது என்ற பேச்சு ஒருமுறை எழுந்தால் அடுத்த கூட்டத்தில் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள்.

அன்புடன்,
குழந்தைகளோடும் பெற்றோர்களோடும் வேலை செய்கிற சிலர்