ஆண்டறிக்கை: எண்ணெய் டேங்க் ஆன ஊருணி

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எத்தனை தெரு வரைந்தோம், எத்தனை கோயிலுக்குத் தமிழ்ப் பெயர் சேர்த்தோம் என்றுதான் வழக்கமாகத் தொடங்குவேன். இந்த ஆண்டு அது கடைசியில் வரும், சுருக்கமாக. யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நம் செட்டிநாட்டை வரையலாம் என்று ஆசையோடு வந்தவர்களில் பலர் இரண்டாவது கூட்டத்துக்கு வரவில்லை. வருகைப் பதிவேடு மேசையில் இருக்கிறது, யாரும் புரட்டிப் பார்க்கலாம். ஏன் வரவில்லை என்பதுதான் இந்த அறிக்கை. அதில் என் பங்கும் இருக்கிறது.

முதல் பயிற்சியைக் கானாடுகாத்தானில் ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்தோம். 11 பேர் வந்தார்கள். எடுத்த எடுப்பிலேயே எதிரே இருந்த பெரிய வீட்டை வரையச் சொன்னேன். நம் ஊர் வீட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், நடுவே வளவு, அதில் வானம் பார்த்த முற்றம். மேலிருந்து எடுத்த படத்தில் ஓட்டுக் கூரைக்கு நடுவில் ஒரு ஓட்டை தெரியும். அதை முறைப்படி காட்டவேண்டுமென்றால் வெளிச்சுவருக்கு ஒரு கோடு, முற்றத்துக்கு ஒரு கோடு, இரண்டையும் சேர்த்துக் கட்ட மல்டிபாலிகன், அதற்குள் ஒன்று ‘அவுட்டர்’, மற்றது ‘இன்னர்’. பழகியவனுக்கு ஒரு நிமிட வேலை.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஐயா ஒருவர் முற்றத்தைத் தனி வீடாக வரைந்துவிட்டார். நான் அவர் கையிலிருந்து மவுஸை வாங்கி நானே சரிசெய்தேன். உதவி செய்வதாகத்தான் அப்போது நினைப்பு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “நீங்களே போட்டுடுங்க தம்பி” என்றார். அடுத்த வாரம் வந்தவர்கள் 3 பேர். அவர் வரவில்லை.

எந்த வீட்டில் முன்வாசல் பூட்டியே கிடக்கும், எந்த வீட்டுக்குப் பின்தெருவில் நின்று கூப்பிட வேண்டும், எந்தச் சந்துக்குப் பலகையில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர், இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. (வீட்டில் குடியிருப்பவர் பெயரை வரைபடத்தில் எழுதக் கூடாது என்பதை இந்த இடத்தில் நினைவூட்டிவிடுகிறேன். விலாசம் தெரியும் என்பதற்காக ‘மூனா சீனா வீடு’ என்று போட்டுவிடாதீர்கள்.) அப்படிப்பட்டவரை மல்டிபாலிகனைக் காட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பிறகு நானும் தலைவரும் அவர் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டோம். இப்போது வருகிறார். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியை அவர் போனில் போட்டுக் கொடுத்தோம். தெருவில் நடக்கும்போது ‘இந்தச் சாலை மண்ணா, தாரா?’ என்று அது கேட்கும், அவர் பதில் சொல்வார், அவ்வளவுதான். மவுஸும் வேண்டாம், டேக் (வரைந்தது என்ன வகை என்று சொல்லும் குறிச்சொல்) என்றால் என்னவென்றும் தெரிய வேண்டாம்.

இரண்டாவது சம்பவம்தான் தலைப்பில் இருப்பது. பள்ளத்தூரில் இருந்து வரும் கல்லூரித் தங்கை ஒருவர் தன் ஊர் ஊருணியை வரைந்தார். கரை, படித்துறை வளைவு எல்லாம் அச்சு அசலாக. வகை கேட்ட இடத்தில் ‘டேங்க்’ என்று தேடினார். ஊருணி, கண்மாய் எல்லாவற்றுக்கும் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் அதுதானே. அங்கே ‘ஸ்டோரேஜ் டேங்க்’ என்று ஒன்று வந்தது. தேர்ந்தெடுத்தார். எண்ணெய், ரசாயனம் சேமிக்கும் பெரிய உருளைத் தொட்டிக்கு உள்ள வகை அது.

இரண்டே நாளில், எங்கோ இருக்கும் அனுபவசாலி ஒருவர் அதை அழித்துவிட்டு ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிப் போனார்: டேக் தவறு, விக்கியை (திட்டத்தின் வழிகாட்டிப் பக்கங்களை) படித்துவிட்டுத் திருத்தவும். அவர் சொன்னதில் பிழை இல்லை. எண்ணெய்த் தொட்டி அங்கே இல்லைதான். ஆனால் படத்தில் தண்ணீர் பளிச்சென்று தெரிகிறதே! வகையை மட்டும் ‘பாண்ட்’ என்று மாற்றியிருந்தால் ஊருணி வரைபடத்தில் நின்றிருக்கும். தங்கை மூன்று மாதம் கணக்கையே திறக்கவில்லை. கேட்டபோது, “எல்லாத்தையும் கெடுத்துட்டேன்னு நெனச்சேன் அண்ணே” என்றார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் வரலாறு இருக்கிறது, அழித்ததையும் மீட்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பயம் வந்திருக்காது. நாங்களும் சொல்லவில்லை.

குழப்பம் அவருக்கு மட்டுமா? நாலு முழச் சந்துக்கும் டேக் ‘ஹைவே’ என்றதும் போன மாதம் வகுப்பே சிரித்தது. 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய திட்டம், அவர்கள் ஊர்ச் சொல் என்று விளக்கிய பிறகுதான் அடங்கியது. ஆகவே ஊருணி, கண்மாய், திண்ணைக் கடை என நம் சொல்லுக்கு எந்த வகையைத் தேட வேண்டும் என்று ஒரு தாள் அச்சடித்திருக்கிறோம். ‘டேங்க்’ என்று தேட வேண்டாம் என்பது அதில் முதல் வரி.

அப்புறம், சனிக்கிழமை மாலை மூத்த உறுப்பினர் ஒருவர் முறைவைத்து, திருத்தங்களைச் சரிபார்க்க உதவும் ஓஎஸ்எம்சா என்ற இணையதளத்தைத் திறந்து, நம் பகுதியில் புதியவர்கள் செய்த திருத்தங்களைப் பார்க்கிறார். தமிழில் எழுதுகிறார். முதலில் வணக்கம், அடுத்து நன்றாக வந்த ஒன்று, அதற்குப் பிறகுதான் பிழை. கேட்காமல் அழிப்பதில்லை. பதிவேற்றும் முன் ‘என் திருத்தத்தை யாராவது பார்க்கவும்’ என்ற கட்டத்தில் டிக் போடவும் புதியவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். முதல் நாள் வேலை தன் தெருவுக்குத் தமிழ்ப் பெயர் சேர்ப்பது, அவ்வளவே. பழகியவர்கள் வரையப் பயன்படுத்தும் ஜேஓஎஸ்எம் மென்பொருள் பற்றி அன்று மூச்சு விடக் கூடாது.

இப்படி விட்டால் தரம் போய்விடும் என்று செயற்குழுவில் ஒரு மூத்தவர் சண்டை போட்டார். அவர் பயம் வெறும் பயம் அல்ல. ஒரு தம்பி படத்தை நகர்த்துவதாக நினைத்து காரைக்குடி–தேவகோட்டைச் சாலையை இழுத்துக் கண்மாய்க்குள் விட்டுவிட்டார். சரிசெய்ய 10 நிமிடம் ஆனது, அதையும் அந்தத் தம்பியை வைத்தே செய்தோம். மூத்தவர் இன்னும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் அவரும் சனிக்கிழமை முறைக்கு வருகிறார்.

கண்டிப்பு ஒன்றில் மட்டும்: கூகுள் மேப்ஸைப் பார்த்து எழுதக் கூடாது. அது அவர்கள் உரிமை. நம்முடையது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் இருப்பது, இரண்டையும் கலந்தால் போட்ட உழைப்பு மொத்தமும் அழிபடும். நடந்து பார்த்தது, கேட்டது, பார்த்து வரைய அனுமதி உள்ள பிங் செயற்கைக்கோள் படம், இவை போதும்.

சரி, மற்றவை. பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, அரியக்குடி கோயில் தெருக்கள் முடிந்தன. ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறைகளை வரைவது பாதியில் நிற்கிறது. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். செலவில் பெரும்பகுதி தேநீரும் வெள்ளைப் பணியாரமும்தான். திண்ணை கொடுத்த ஆச்சிக்கு நன்றி.

வரைபடத்துக்காகத் தெருவில் நடந்து பார்க்கும் அடுத்த நடை பள்ளத்தூரில், வரும் ஞாயிறு காலை 6.30 மணிக்கு, ஊருணிக் கரையில். ஊருணியைத் தங்கையே திரும்ப வரைந்துவிட்டார், நடையையும் அவரே நடத்துகிறார். தபால்காரர் ஐயா கூட வருகிறார். மூத்த உறுப்பினர்கள் மடிக்கணினியைக் கொண்டு வர வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்