குளத்தங்கரையில் கல் பதிக்குமுன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்க் குளத்தின் அலைகரையில், அதாவது நீர் ஏறி இறங்கும் உட்கரையோரத்தில், ஒரு பகுதியை மண் போட்டு நிரவி, வர்ணக் கல் பதித்து, இருக்கைகளும் மின்விளக்குகளும் வைத்துப் பூங்கா அமைக்கப் போகிறார்களாம். போன மாதம் நடந்த கூட்டத்தில் வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். அதில் ஒரு மருதமரத்தைக்கூடக் காணவில்லை. அலைகரையில் பதினொரு மருதுகள் நிற்கின்றன. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நான் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கேட்டபோது, "அழகுபடுத்துவதென்றால் சில மரங்கள் போகத்தான் செய்யும், அம்மா" என்று பதில் வந்தது. அன்று எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கம் பூங்கன்றுகளும் பழமரக் கன்றுகளும் விற்கும் சிறிய நாற்றுமேடை வைத்திருக்கிறேன். மகள் சீனாவில் சூசோ நகரத்தில் மருத்துவம் படித்தாள். அவளுடைய பட்டமளிப்புக்காக, கன்றுகளைத் தங்கையின் பொறுப்பில் விட்டுவிட்டு ஜூன் மாதம் நானும் போய் வந்தேன். அங்கே பழைய தோட்டங்கள் பல இருக்கின்றன. அவற்றில் ஒன்பதை யுனெஸ்கோ 1997இலும் 2000இலும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மகள் என்னை முதலில் கூட்டிப் போனது, ஐந்து ஹெக்டேயருக்குச் சற்றுக் கூடுதலான, அவற்றில் மிகப் பெரிய தோட்டத்துக்கு.

அரச உத்தியோகத்தில் மனம் கசந்து ஊர் திரும்பிய வாங் சியென்சென் என்பவர் 1509ஆம் ஆண்டளவில் அதைத் தொடங்கினாராம். தோட்டத்துக்கு நீர் ஊற்றி, மரக்கறி விற்றுப் பிழைப்பதே சாமர்த்தியமில்லாதவன் செய்யும் ஆட்சி என்ற பழைய வாசகத்திலிருந்துதான் அதற்குப் பெயர் வைத்தார். மகள் இதைச் சொன்னபோது, கன்று விற்றே அவளைப் படிக்க வைத்த எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்தக் காணி தண்ணீர் தேங்கி நின்ற பள்ளம். எங்கள் ஆட்களிடம் கொடுத்திருந்தால் முதல் நாளே நூறு லோட் கிரவல் கொட்டியிருப்பார்கள். அவரோ பள்ளத்தை இன்னும் ஆழமாக்கிக் குளமாக்கினார். மண்டபங்களும் பாலங்களும் அந்த நீரைச் சுற்றித்தான் எழுந்தன. இன்றும் உள்ளே நுழைந்தவுடன் கண்ணில் படுவது நீரும் தாமரையும்தான். நீருக்கு மேலே தூரத்தில் ஒரு புத்த கோபுரம் தெரிகிறது. அது தோட்டத்துக்குள் இல்லை. நகரத்தில் வேறோர் இடத்தில் நிற்கிறது. அந்தப் பார்வையை மறைக்காமல் மரங்களுக்கிடையே வழி விட்டிருக்கிறார்கள். வெளியே நிற்பதையும் தோட்டத்தோடு சேர்த்துக்கொள்ளும் இந்த முறையைக் 'கடன் வாங்கிய காட்சி' என்கிறார்கள். எங்கள் குளத்துக்கு மறுகரையில் பாலையும் வீரையும் அடர்ந்த காடு நிற்கிறது. அதற்கு நேர் முன்னால்தான் கொங்கிறீட் வளைவு வரப்போகிறது.

நாங்கள் போன அன்று மழை. அங்கே பிளம் பழம் பழுக்கும் காலத்து மழையாம், நாட்கணக்கில் தூறுமாம். மழைச் சத்தம் கேட்பதற்கென்றே ஒரு மண்டபம் கட்டி, பக்கத்தில் வாழை நட்டிருக்கிறார்கள். வாழையிலையில் மழை விழும் சத்தத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் என் கிணற்றடியில் கேட்கும் அதே சத்தம். இன்னொரு மண்டபத்தின் பெயர் ஒரு பழைய கவிதை வரியிலிருந்து வந்தது: காய்ந்த தாமரை இலைகளை விட்டுவையுங்கள், மழையை அவற்றில் கேட்கலாம் என்பது பொருள். நம் வரைபடத்திலோ 'தாமரை அகற்றல்' என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. ஆகாயத்தாமரையையும் சல்வீனியாவையும் அகற்றுங்கள், நானும் வந்து இழுக்கிறேன். தாமரை என்ன செய்தது?

ஆனால் அங்கே என்னைக் கட்டிப்போட்டது தரைதான். மகள் மண்டபங்களைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் குனிந்தபடியே நடந்தேன். நடைபாதையில் கூழாங்கற்களுக்கு நடுவே, உடைந்த கூரை ஓடுகளை விளிம்பு மேலே தெரியும்படி செங்குத்தாகப் பதித்திருக்கிறார்கள். அந்த ஓட்டு விளிம்புகளின் வளைவே பூவிதழாகவும் அலையாகவும் ஓடுகிறது. வெள்ளை தேவைப்பட்ட இடத்தில் உடைந்த பீங்கான் துண்டு. குந்தியிருந்து ஒரு பூவை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஓட்டின் விளிம்பு பலர் மிதித்து மழமழவென்று தேய்ந்திருந்தது. மழை பெய்துகொண்டிருந்தும் அந்த இடத்தில் தண்ணீர் தேங்கவில்லை. இடுக்குகளில் இறங்கிக்கொண்டே இருந்தது. 1630களில் ஜி செங் என்பவர் தோட்டக்கலைக்கென்று எழுதிய நூலில், கைவிடப்பட்ட ஓட்டுத் துண்டுக்கும் ஒரு காலம் வரும் என்று இருக்கிறதாம். மகள் கைபேசியில் தேடி வாசித்துக் காட்டினாள்.

அவர்களும் போரைக் கண்டவர்கள். 1860இல் தைப்பிங் என்ற உள்நாட்டுப் போரின்போது அந்நகரம் வீழ்ந்தது. நான் பார்த்த தோட்டம் படைத் தலைவர் ஒருவரின் மாளிகையாயிற்று; வேறொரு தோட்டம் அழிந்து, 1873இல் திரும்பக் கட்டப்பட்டது. கடந்த நூற்றாண்டுப் போர்களில் இன்னொரு தோட்டத்தில் குதிரைகளைக் கட்டினார்களாம். அவை மண்டபத்துத் தூண்களையே கடித்துத் தின்றனவாம். அதையும் 1953இல் திருத்தத் தொடங்கி மறு வருடம் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இன்று போய்ப் பார்த்தால் குதிரை நின்ற இடம் என்று நம்ப முடியாது.

அவை செல்வர்கள் மதில் கட்டித் தமக்கென்று வைத்திருந்த தோட்டங்கள் என்பதை நான் மறக்கவில்லை. எங்களுடையது எல்லோருக்கும் பொதுவான, வயலுக்கு நீர் பாய்ச்சும் குளம். அதனால்தான் கூடுதல் கவனம் வேண்டும் என்கிறேன். அலைகரையை நிரவினால் குளம் அவ்வளவுக்குச் சுருங்கும். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் குறையும் என்று கமக்காரர்கள் கேட்டார்கள். கூட்டத்தில் பதில் இல்லை. மாரியில் அந்த மருதுகளின் அடிமரம் நீருக்குள் நிற்கும். கோடையில் மாடுகள் படுப்பது அதே நிழலில். வர்ணக் கல்லின் மேல் சித்திரை வெயிலில் யார் நடப்பார்கள்?

பூங்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு மாலையில் போய் இருக்க ஓர் இடம் கட்டாயம் வேண்டும். அலைகரையைத் தொடாமல், மருதுகளையும் தாமரையையும் விட்டுவைத்து, கட்டுக்கு வெளிப்புறம் இருக்கும் மேட்டுக் காணியில் அதை அமையுங்கள். வரைபடத்தை ஒரு முறை கமக்காரர் அமைப்பின் முன்னால் வைத்துத் திருத்துங்கள். ஒப்பந்தம் இன்னும் கொடுபடவில்லை என்று அறிகிறேன், நேரம் இருக்கிறது.

நடைபாதைக்கு ஓடு தேவையென்றால் என்னிடம் இருக்கிறது. ஓட்டுத் தொழிற்சாலை இருந்த ஊர் எங்களுடையது. ஓட்டு வீட்டுக்குக் குறைவில்லை. 2010இல் மீளக்குடியேறி வந்தபோது எங்கள் வீட்டுக் கூரை முழுவதும் முற்றத்தில் கிடந்தது. முழு ஓடு என்று முப்பதுகூடத் தேறவில்லை. தகரம் போட்டுக்கொண்டு, உடைந்தவற்றைக் கடகத்தில் சுமந்து பின்வேலியோரம் குவித்தேன். கொட்டிவிடச் சொன்னார்கள், மனம் வரவில்லை. இப்போது அதன் மேல் குறிஞ்சாக் கொடி படர்ந்திருக்கிறது. ஊரில் பல வளவுகளில் இப்படிக் குவியல் உண்டு. கேட்டால் தருவார்கள். என்னுடையதை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி நானே கொண்டுவந்து இறக்குகிறேன்.

இப்படிக்கு,
நாற்றுமேடை நடத்தும் ஒரு தாய்,
ஒட்டுசுட்டான்.