கவசக் கார்களும் ஒற்றை வரி உத்தரவாதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயிருக்கு அச்சுறுத்தல் உள்ளவர்களுக்காகத் தொழிற்சாலையிலேயே கவசத்துடன் தயாராகும் சொகுசுக் கார்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தோல் இருக்கைக்கும் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினுக்கும் பத்தி பத்தியாக இடம் ஒதுக்கிய கட்டுரையாளர், அந்தக் கார் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்ற முக்கியமான கேள்வியை ‘எந்தக் குண்டும் துளைக்காது’ என்ற ஒற்றை வரியில் முடித்துவிட்டார். வாகனப் பராமரிப்பில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் அந்த வரியை என்னால் கடந்துபோக முடியவில்லை.

கவச வாகனங்களுக்கு வி.பி.ஏ.எம். என்ற சோதனை நிலையங்களின் சங்கம் வகுத்த தரப் படிநிலைகள் இருக்கின்றன. வி.ஆர்.4 என்பது சக்தி வாய்ந்த கைத்துப்பாக்கி வரைக்கும்தான். ஏ.கே. ரகத் துப்பாக்கிக்கு வி.ஆர்.6 வேண்டும். குண்டின் நடுவே கடின எஃகை வைத்து, கவசத்தைத் துளைப்பதற்கென்றே செய்யப்பட்ட ரைஃபிள் தோட்டாக்களைத் தடுப்பவை வி.ஆர்.9, வி.ஆர்.10 ஆகியவை. மெர்சிடிஸ் பென்ஸின் எஸ் 680 கார்டு என்ற கார் வி.ஆர்.10 சான்று பெற்றது, பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் 7 புரொடெக்‌ஷன் வி.ஆர்.9 சான்று பெற்றது. ஆக, ஒவ்வொரு கவசக் காரும் ஏதோ ஓர் எல்லை வரைக்கும்தான் கவசக் கார். அந்த எல்லையைச் சொல்லாமல் காரை மட்டும் புகழ்வது வாசகருக்கு உதவாது.

தொழிற்சாலைத் தயாரிப்புக்கும், கடையில் வாங்கிய காரைப் பிரித்து வெளியில் கவசம் ஏற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டுரை தொடவே இல்லை. விலை வேறுபாட்டுக்கான காரணமே அதில்தான் இருக்கிறது. இப்போதைய எஸ் 680 கார்டிலும் 7 புரொடெக்‌ஷனிலும் முதலில் கவச எஃகுக் கூண்டு உருவாகிறது. நம் கண்ணுக்குத் தெரியும் வழக்கமான கார் உருவம் அதன்மேல் போர்த்திய தோல் மாதிரிதான். வெளிப் பட்டறையில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஏற்கெனவே முடிந்துபோன உடலுக்குள், இடம் கிடைத்த அளவுக்குத் தகடுகளை வெட்டி நுழைத்து வெல்டிங் செய்கிறார்கள். நடுக்கதவில் பாயும் குண்டை இரண்டு முறையிலும் தடுத்துவிடலாம். சிக்கல் விளிம்புகளில்தான்: கதவும் தூணும் சந்திக்கும் இடுக்கு, பூட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளம், பக்கக் கண்ணாடி பொருத்திய முக்கோணம், தடித்த கண்ணாடியின் ஓரம் எஃகுச் சட்டத்தில் உட்காரும் இடம். அங்கெல்லாம் ஒரு தகடு இன்னொன்றின் பின்னால் போதுமான அளவு மறைந்து நிற்க வேண்டும். முழு வண்டியைச் சோதிக்கும்போது அதிகாரிகள் தேடித் தேடிச் சுடுவது இந்த இடங்களைத்தான். வெடிப்புச் சோதனை தனி. ஒரு தகட்டுக்கும் ஒரு கண்ணாடிக்கும் தனித்தனியே வாங்கிய சான்றிதழ்களைக் காட்டி, வண்டி முழுவதற்கும் அதே தரம் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘சுட்டுப் பார்த்தது தகட்டையா, காரையா?’ என்பதுதான்.

இப்படிக் கவசம் ஏற்றிய கார் ஒன்று நான் பணியாற்றிய பட்டறைக்கு வந்தது. அதன் பின் கதவைக் கீழிருந்து ஒரு கையால் தூக்கிப் பிடித்தால்தான் பூட்டு விழும். கவசத்தின் கனத்தைத் தாங்குவதற்குப் பழைய கீலையே விட்டுவைத்திருந்ததால் கதவு தொங்கிப்போயிருந்தது. தூணுக்கும் கதவுக்கும் இடையே மேற்புறம் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. பிரேக்கும் சஸ்பென்ஷனும்கூட அந்தக் காருடன் முதலில் வந்தவைதான். அதற்குள் தினமும் அமர்ந்து சென்றவர் தம்மைப் பாதுகாப்பானவராக நினைத்திருந்தார் என்பதுதான் எனக்கு வருத்தம்.

எடையைச் சற்று எண்ணிப் பாருங்கள். எஸ் 680 கார்டு ஏறக்குறைய 4.2 டன். அந்த எடைக்கென்றே சேசிஸும் பிரேக்கும் வடிவமைக்கப்படுகின்றன. காற்று முழுவதும் இறங்கினாலும் சுமார் 30 கிலோமீட்டர் ஓடக்கூடிய டயர்கள் தரப்படுகின்றன. தாக்கப்பட்ட இடத்திலிருந்து வெளியேறும் வரை உள்ளிருப்பவரைக் காப்பதற்குத்தான் இந்தக் கார்கள் கட்டப்படுகின்றன. ஒரே இடத்தில் நின்றுவிட்டால், திரும்பத் திரும்ப ஒரே புள்ளியில் பாயும் குண்டுகளுக்கு எந்தக் கண்ணாடியும் காலவரையின்றி ஈடுகொடுக்காது. ஆகவே நான்கு டன் வண்டியை வேகமாகப் பின்னோக்கி ஓட்டவும், குறுக்கே நிற்கும் தடையை இடித்துத் தள்ளவும் பழகிய ஓட்டுநர் இல்லையென்றால், கொடுத்த பணத்தில் பெரும்பகுதி வீண். 1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸை அடுத்த பெத்தி கிளமார்ட்டில் பிரெஞ்சு அதிபர் டி காலின் கார்மீது சரமாரியாகச் சுட்டார்கள். அவர் அமர்ந்திருந்த சித்ரோயன் டி.எஸ். காரில் கவசமே இல்லை. டயர்கள் பழுதாகியும் ஓட்டுநர் நிறுத்தாமல் ஓட்டிச் சென்றதால் அதிபரும் அவர் மனைவியும் காயமின்றித் தப்பினார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1989 நவம்பர் 30 அன்று ஜெர்மனியின் பாட் ஹோம்புர்கில், டாய்ச்ச வங்கியின் தலைவர் ஆல்ஃபிரட் ஹெர்ஹவுசன் கவச மெர்சிடிஸில், பாதுகாப்பு வண்டிகள் உடன்வர, அலுவலகம் போய்க்கொண்டிருந்தார். சாலையோரம் நிறுத்தியிருந்த சைக்கிளில் குண்டு இருந்தது. கார் ஓர் ஒளிக்கற்றையைக் கடந்ததும் அது வெடித்து, அதிலிருந்த செப்புத் தகட்டை அவர் அமர்ந்திருந்த பின் கதவை நோக்கிப் பாய்ச்சியது. ஓட்டுநர் பிழைத்தார், ஹெர்ஹவுசன் காலில் பட்ட காயத்தால் ரத்தம் இழந்து இறந்தார். அவருடைய கார் தரக்குறைவானது அல்ல. எந்தத் தாக்குதலை எண்ணி அதைக் கட்டினார்களோ, வந்தது அந்தத் தாக்குதல் அல்ல. 2007 டிசம்பர் 27 அன்று ராவல்பிண்டியில் பெனசீர் பூட்டோ உயிரிழந்ததோ, கவச வண்டியின் கூரைத் திறப்பு வழியாக எழுந்து நின்று கூட்டத்தினருக்குக் கையசைத்தபோது. மக்களைப் பார்க்காமல் அரசியல் செய்ய முடியாது என்பது உண்மைதான். ஆனால் திறந்த கூரைக்குச் சான்றிதழ் தர எந்தச் சோதனைக்கூடமும் இல்லை.

கண்ணாடியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது பல அடுக்குக் கண்ணாடியும், உள்பக்கம் சில்லுகள் தெறிக்காமல் தடுக்கும் பாலிகார்பனேட் என்ற கடின பிளாஸ்டிக் அடுக்கும் சேர்ந்தது. கண்ணாடியும் பாலிகார்பனேட்டும் வெப்பத்தில் ஒரே அளவாக விரிவதில்லை. வெயிலில் பல ஆண்டுகள் நின்ற வண்டியில் அடுக்குகள் பிரிந்து, ஓரத்திலிருந்து பால் நிறத் திட்டுகளும் குமிழிகளும் உள்நோக்கிப் பரவும். முதலில் பாழாவது பார்வை. இரவில் எதிரே வரும் விளக்கு இரண்டாகத் தெரிகிறது என்று ஓட்டுநர்கள் குறைசொல்வார்கள். பழைய கவசக் கார்கள் கைமாறும்போது பளபளப்பான உடலைப் பார்த்து விலை பேசுகிறார்களே தவிர, கண்ணாடியின் வயதை யாரும் கேட்பதில்லை.

தங்கள் கட்டுரையாளர் இத்துறையைப் பற்றி மேலும் எழுதுவதாகக் குறிப்பிட்டிருக்கிறார். அப்படியானால் அடுத்த பகுதியில், குறிப்பிடும் ஒவ்வொரு காருக்கும் அதன் தரப் படிநிலையையும், சோதனை முழு வண்டிக்கு நடந்ததா என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். மரவேலைப்பாட்டைப் பற்றிய பத்தியில் பாதியைக் குறைத்தால் அதற்கு இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்