டிரவுட் விடுமுன் மவுசாகலையின் அடியை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தின் மவுசாகலை, காசல்ரீ நீர்த்தேக்கங்களில் குளிர்நீர் மீனான டிரவுட்டின் குஞ்சுகளை விட்டால் வெளிநாட்டுப் பயணிகள் தூண்டிலோடு வந்து குவிவார்கள், முடிந்தால் அமெரிக்காவின் கொக்கனி மீனையும் கொண்டுவரலாம் என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நல்ல ஆசைதான். ஆனால் எந்த மீன் எந்த ஆழத்தில், எந்தக் குளிரில் நிற்கும் என்ற பேச்சே அவருடைய கடிதத்தில் இல்லை. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல வருடம் புவியியல் படிப்பித்தவன் நான். ஓய்வு பெற்றபின் தூண்டிலும் கையுமாக மவுசாகலைக் கரையில் உட்கார்ந்திருப்பவன். அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் கொக்கனி. அது கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே தங்கிவிட்ட சொக்காய் என்ற சமன் (சால்மன்) மீன். என் தங்கையின் மகன் டென்வரில் வேலை செய்கிறான். கோடையில் கூட்டாளிமாரோடு கொலராடோ மாநிலத்தின் புளூ மேசா நீர்த்தேக்கத்துக்குப் போய் அந்த மீனைப் பிடிக்கிறான். கனிசன் ஆற்றை மறித்து 1966இல் கட்டி முடித்த அணை அது. கடல் மட்டத்திலிருந்து 7,500 அடி உயரம், பனிக்காலத்தில் மேல்தண்ணீர் உறைந்துவிடும். அதன் அடியிலும் ஊர்கள் கிடக்கின்றன. அயோலா என்ற ஊரின் மிச்சங்கள் தண்ணீர் வற்றும்போது வெளியே தெரியுமாம். அவன் அதைச் சொன்னபோது நான் சிரித்தேன். மஸ்கெலியாக்காரனிடம் வந்து சொல்கிற கதையா அது? 1969இல் மவுசாகலை அணை வந்தபோது எங்கள் பழைய நகரம் முழுதாகத் தண்ணீருக்குள் போனது. கடும் வறட்சியில் பழைய கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் எட்டிப்பார்க்கும்போது உங்கள் பத்திரிகையும் தவறாமல் படம் போடுகிறது.

படம் போட்டதோடு நாங்கள் விட்டுவிடுகிறோம். அங்கே அப்படி இல்லை. தண்ணீருக்குள் போகுமுன் இருந்த நிலத்தின் சமவுயரக் கோடுகளை, அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை, ஆழக் கோடுகளாக மாற்றி அச்சடித்த படம் கடையில் கிடைக்கிறது. மருமகன் எனக்கு ஒன்று அனுப்பியிருந்தான். மூன்று பெரிய பள்ளங்கள், அவற்றைக் கோத்துக்கொண்டு போகும் பழைய ஆற்றுத்தடம், மலையிலிருந்து தண்ணீருக்குள் நீளும் முனைகள், திடீரென்று கோடுகள் நெருங்கும் செங்குத்துச் சரிவுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. அதைப் பார்த்துத்தான் எங்கே படகை விடுவது என்று முடிவு செய்கிறார்கள்.

கொக்கனி அடியில் படுக்கிற மீன் இல்லை, நடுத்தண்ணீரில் கூட்டமாக மிதக்கும். அதன் இரை கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரியும் அளவு சிறிய மிதவை உயிர்கள். பத்திலிருந்து பதின்மூன்று பாகை செல்சியஸ் வரையான குளிர்தான் அதற்குப் பிடிக்கும். கோடையில் மேல்தண்ணீர் சூடாக ஆக அந்தக் குளிர்ப்படை கீழே இறங்கும், மீனும் கூடவே இறங்கும். ஆகஸ்ட் மாதத்தில் ஐம்பது அடி, அதற்கும் கீழே என்கிறான் மருமகன். ஆகவே ஆழமான தண்ணீர் எங்கே என்பது தெரிந்தாக வேண்டும். பெரும்பாலும் அது பழைய ஆற்றுத்தடத்துக்கு நேர் மேலே இருக்கும். படகில் பொருத்திய ஒலிக்கருவி மீன்கூட்டத்தைத் திரையில் காட்டும். கனமான ஈயக்குண்டைக் கம்பியில் கட்டி, அதில் தூண்டில் நூலைக் கவ்வவைத்து, வேண்டிய ஆழத்துக்கு இறக்கிப் படகை மெதுவாக ஓட்டுவார்கள். மீன் கொத்தியதும் கவ்வி நூலை விட்டுவிடும். செம்மஞ்சள், இளஞ்சிவப்பு நிறப் பொய்யிரையில் ஒரு வெள்ளைச் சோளமணியைக் குத்துவார்களாம். மிதவை உயிர் தின்கிற மீன் சோளத்தை ஏன் கடிக்கிறது என்று கேட்டேன். "கோபத்துல கடிக்குது மாமா" என்றான். வாய் மென்மையானது, வெட்டி இழுத்தால் கிழிந்துவிடும், பொறுமையாகத்தான் இழுக்க வேண்டும்.

டிரவுட்டின் சங்கதி வேறு. வானவில் டிரவுட் கரையோரம், நீளும் முனைகளின் நுனி, ஓடை வந்து விழும் வாய் என்று சுற்றும். லேக் டிரவுட் என்ற பெரிய இனம் ஆழத்தில் மேடுகளையும் சரிவு விளிம்புகளையும் ஒட்டி நிற்கும். இந்தப் பெரியவர் கொக்கனியைத் தின்றே வளர்கிறார். புளூ மேசாவில் கொக்கனி குறைந்துபோனதற்கு அதுவே முக்கியக் காரணமாகி, லேக் டிரவுட்டைப் பிடித்துக் குறைக்கச் சொல்லிப் பரிசுப்போட்டி வைக்கும் நிலைக்கு வனவிலங்கு அதிகாரிகள் வந்திருக்கிறார்கள். இரண்டுமே மனிதன் கொண்டுவந்து விட்ட மீன்கள் என்பதைக் கவனியுங்கள். வயது வந்ததும் கொக்கனி உடம்பு சிவந்து, பழைய தடத்தைப் பிடித்து மேல்நோக்கி நீந்தி, குளிர்ந்த ஆற்றின் சரளைக்கல்லில் முட்டையிட்டுச் செத்துப்போகும். அந்தச் சரளைக்கும் குளிருக்கும் மஸ்கெலியாவில் எங்கே போவது? கொக்கனிப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

டிரவுட் அப்படித் தள்ளிவிடக்கூடியது இல்லை. 1880களிலேயே துரைமார் இங்கிலாந்திலிருந்து பழுப்பு டிரவுட் முட்டையைக் கொண்டுவந்தார்கள், பிறகு வானவில் டிரவுட் வந்தது. ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் நிலைத்து இனம் பெருக்கியது வானவில் டிரவுட்தான். அந்தச் சமவெளி 7,000 அடி உயரத்தில் இருக்கிறது, அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவு. மஸ்கெலியா அதைவிட அறுநூறு, எழுநூறு மீற்றர் தாழ்வு. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறரைப் பாகை குறையும் என்று நான் கரும்பலகையில் எழுதிய கணக்கைப் போட்டால் இங்கே 20 பாகை வருகிறது. வானவில் டிரவுட்டுக்குத் திணறல் தொடங்குவதும் அந்த அளவில்தான். 25ஐத் தொட்டால் உயிருக்கே மோசம். அப்படியென்றால் மார்ச் வெயிலில் மேல்தண்ணீரில் அது நிற்காது, கீழே போகும். கீழே எவ்வளவு ஆழம் இருக்கிறது? அங்கே குளிர் இருக்கிறதா? குளிர் இருந்தாலும் மூச்சுவிட ஒட்சிசன் இருக்கிறதா? அடியில் அழுகும் சேறு ஒட்சிசனைக் குடித்துவிடும். மின்சாரத்துக்காகத் தண்ணீரைத் திறக்கத் திறக்க மட்டமும் மாறிக்கொண்டே இருக்கும். இத்தனை கேள்விக்கும் பதில் தெரியாமல் குஞ்சை வாளியோடு கவிழ்த்துவிட்டால் பணம்தான் தண்ணீரில் போகும்.

அடியைப் படிப்பது எங்களுக்கு முடியாத காரியமும் இல்லை. ஒரு மைலை ஓரங்குலமாகக் காட்டும் நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல இடவிளக்கப் படங்களில், அணைக்கு முன் அச்சான தாளில், இந்தப் பள்ளத்தாக்கு அப்படியே இருக்கிறது. மஸ்கெலியா ஓயா, கடைவீதி, தெரு, நூறு அடிக்கு ஒரு பழுப்புக் கோடு. நீர்த்தேக்கம் நிரம்பிய மட்டத்திலிருந்து அந்தக் கோட்டின் உயரத்தைக் கழித்தால் ஆழம் கிடைக்கும். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சாய்வு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு.

நான் இந்தப் படத்தை வைத்துத்தான் திலாப்பியா பிடிக்கிறேன். பெப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் இறங்கும்போது கரையில் நடந்து பார்ப்பேன். கோடுகள் விலகியிருக்கும் இடத்தில் காய்ந்த சேற்றில் தாம்பாளம் போல வட்டக் குழிகள் கிடக்கும். ஆண் திலாப்பியா முட்டைக்காகத் தோண்டியவை. தென்மேற்கு மழையில் தண்ணீர் ஏறிய பிறகு அந்தச் சாய்வுக்கு மேலே மண்புழுவைப் போட்டால் வெறுங்கையோடு திரும்புவது குறைவு. மழைவிட்ட அடுத்த நாள் ஓடை கலங்கி விழும் வாயில் கெண்டை சேற்றைக் கிளறும், அதற்குப் பாண் உருண்டை போதும். பழைய தெருவின் விளிம்பில் தண்ணீர் ஒரே எட்டில் ஆழமாகிவிடும். மீன் அங்கே நிற்பது எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் குளிக்கப் போகும் பையன்கள் கால்தவறுவதும் அப்படிப்பட்ட விளிம்புகளில்தான். நீர்த்தேக்கத்தில் மூழ்கிய இளைஞர் என்ற செய்தியை வருடா வருடம் வாசிக்கிறோம். எங்கே திடீர் ஆழம் என்று காட்டும் ஒரு பலகையாவது கரையில் உண்டா?

தங்கூசியில் முடிச்சுப் போட்டு ஈயக்குண்டு கட்டி ஆழம் பார்த்திருக்கிறேன். தக்கை போட்ட போத்தலைக் கல்லோடு இறக்கி, அடியில் தக்கையை நூலால் பிடுங்கி, கீழ்த்தண்ணீரை மேலே கொண்டுவந்தும் பார்த்தேன். மத்தியானத்தில் மேல்தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் கைக்கே தெரிந்தது. டிரவுட்டுக்கு அந்தக் குளிர் போதுமா என்று சொல்ல ஒரு கிழவனின் போத்தல் காணாது. பழைய படமும் முழுதாக நம்பத்தக்கதில்லை. தேயிலைச் சரிவிலிருந்தும் மரக்கறித் தோட்டங்களிலிருந்தும் இத்தனை வருடம் அடித்து வந்த மண் ஓடை வாய்களில் படிந்து கிடக்கிறது. படகில் ஒலிக்கருவியோடு போய்ப் புதிதாக அளக்க வேண்டும்.

ஆகவே இலங்கை மின்சார சபையிடமும் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையிடமும் உங்கள் பத்திரிகை வழியாக நான் கேட்பது இதுதான். மவுசாகலைக்கும் காசல்ரீக்கும் புதிய ஆழப்படம் எடுத்து மூன்று மொழியிலும் எல்லோரும் பார்க்க வெளியிடுங்கள். மார்ச்சில் ஒரு தடவை, ஆகஸ்டில் ஒரு தடவை, பத்தடிக்குப் பத்தடி வெப்பநிலையும் ஒட்சிசனும் அளந்து பக்கத்தில் போடுங்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கி நல்லதண்ணி வீதியோரம் ஒரு பலகையில் நட்டால், சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்களும் எங்கே இறங்கக் கூடாது என்று பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் டிரவுட் விடுவதா வேண்டாமா என்று பேசலாம். அந்த எண்கள் சரியாக வந்தால் முதல் ஆளாக நானே ஆதரித்து எழுதுவேன்.

அணைக்கு முந்திய ஓரங்குலத் தாளின் பிரதி என்னிடம் இருக்கிறது. அளக்கப் போகிறவர்கள் கேட்டால் கொடுப்பேன். பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
மஸ்கெலியா.