ஆர்கோஸை மூடச் சொல்வதற்கு முன்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வார விளையாட்டுப் பக்கத்தில் ஆர்கோஸ் என்று நாங்கள் சொல்லும் ரொறன்ரோ ஆர்கோநட்ஸ் ஃபுட்போல் அணி பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். ஃபுட்போல் என்றால் உதைபந்தாட்டம் அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். ஆள் வராத அணியை இன்னும் எத்தனை நாளைக்கு இழுத்துக்கொண்டு போவது என்று கேட்டிருந்தீர்கள். கேள்வி சரி. ஆனால் அணி ஒழுங்காக விளையாடாததால்தான் சனம் வருவதில்லை என்று எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. 2012, 2017, 2022, 2024 என்று நான்கு தரம் கனடிய ஃபுட்போல் லீக்கின் சாம்பியன் கோப்பையான கிரே கோப்பையைத் தூக்கிய அணி இது. மொத்தம் 19 கோப்பைகள். கனடிய ஃபுட்போலில் வேறெந்த அணியிடமும் இத்தனை இல்லை. 2023இல் 18 லீக் ஆட்டங்களில் 16ஐ வென்றார்கள். அப்படியிருந்தும் பிஎம்ஓ ஃபீல்டு மைதானத்துக்கு வந்த 2016 முதல் 2024 வரை ஒரு பருவத்திலாவது சராசரிக் கூட்டம் 20 ஆயிரத்தைத் தொடவில்லை. இதே ஊர் ஐஸ் ஹொக்கி அணி மேப்பிள் லீஃப்ஸ் 1967க்குப் பிறகு ஸ்டான்லி கோப்பையைக் கண்ணால் கண்டதில்லை. அங்கே ரிக்கற் எடுக்க அடிபடுகிறார்கள்!

நான் 1988இல் இங்கே வந்தவன். 1991இல், தொழிற்சாலையில் என்னோடு இரவு வேலை செய்த நியூஃபவுண்ட்லாந்துக்காரர் ஒருவர் ஆர்கோஸ் அப்போது விளையாடிய ஸ்கைடோம் அரங்குக்குக் கூட்டிப்போனார். முதல் பாதி முழுக்க ஒன்றுமே விளங்கவில்லை. ஒருவன் பந்தைப் பிடிக்கிறான், நாலுபேர் அவன் மேலே விழுகிறார்கள், விசில் ஊதுகிறது, எழும்பிக் கூடிநின்று குசுகுசுக்கிறார்கள், திரும்பவும் விழுகிறார்கள். மூன்று தரத்துக்குள் பத்து யார்ட் முன்னே போகவேண்டும், இல்லாவிட்டால் பந்து மற்றப் பக்கத்துக்கு என்று அவர் சொன்ன பிறகுதான் பிடிபட்டது. அட, இது எங்கள் கிளித்தட்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் அல்லவா! மறிப்பவனை ஏய்த்துக் கோட்டைத் தாண்டுவதுதானே சங்கதி. அந்த வருடம் வின்னிபெக் குளிரில் நடந்த இறுதியாட்டத்தில் ஆர்கோஸ் வீரர் ராக்கெட் இஸ்மாயில் 87 யார்ட் ஓடினார். கூட்டத்திலிருந்து எவனோ எறிந்த பியர் ரின்னையும் கடந்து ஓடினார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்து நான் கத்திய கத்தில் தொட்டிலில் கிடந்த பிள்ளை எழும்பிவிட்டது.

அப்போது அணியின் முதலாளிகள் ஹொக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி, நடிகர் ஜோன் கண்டி, பணக்காரர் புரூஸ் மக்னால். ஆட்டத்துக்கு 30 ஆயிரத்துக்கு மேல் வந்தார்கள். அந்தப் பகட்டு மூன்று வருடம்கூட நிலைக்கவில்லை. மக்னால் வங்கி மோசடி வழக்கில் சிக்கினார், கண்டி 1994இல் இறந்துபோனார், அணி கைமாறியது. 2003இல் காசில்லாமல் படுத்த அணியை லீக்கே பொறுப்பெடுக்க வேண்டிவந்தது. 1873இல் படகு வலிக்கும் கழகம் ஒன்று தொடங்கிய அணி. அதன் இரண்டு நீலமும் ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் படகுக்காரரின் நிறங்கள். அவ்வளவு பழசு. ஒட்டாவாவும் மொன்றியலும் அணியை இழந்து, பிறகு வேறு அணிகளைக் கொண்டுவந்த லீக்கில் இது ஒருநாளும் மூடப்படவில்லை.

சரி, பிறகேன் கதிரைகள் காலி? 1970களில் எக்சிபிஷன் அரங்குக்கு 40 ஆயிரம் பேர் போனார்கள் என்றால், தகப்பன் பிள்ளையைக் கூட்டிப்போனார், அந்தப் பிள்ளை தன் பிள்ளையைக் கூட்டிப்போனது. 2021 கணக்கெடுப்பின்படி ரொறன்ரோ பெரும்பாகத்தில் 46.6 சதவீதம் பேர் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். எங்கள் வீடுகளில் எந்தத் தாத்தா ஆர்கோஸுக்குக் கத்தினார்? கூடைப்பந்துக்கு ஸ்காபரோவில் பூங்காவுக்குப் பூங்கா வளையம் இருக்கிறது, பந்து ஒன்றிருந்தால் போதும். ஃபுட்போலுக்குத் தலைக்கவசம், தோள்கவசம், பள்ளிக்கூட அணி எல்லாம் வேண்டும். ரிவியில் பார்த்தாவது பழகலாம் என்றால், 2008 முதல் ஆட்டங்கள் காசில்லாமல் பார்க்கக்கூடிய சிபிசியிலிருந்து போய்விட்டன, கேபிளுக்குக் காசு கட்டியவர்தான் ரிஎஸ்என் என்ற விளையாட்டு அலைவரிசையில் பார்க்கலாம். புதிதாக வந்த குடும்பம் முதலில் வெட்டுவதே கேபிளைத்தான். 2024இல் சில சனிக்கிழமை ஆட்டங்களைக் கேபிள் வேண்டாத சிரிவி அலைவரிசைக்குக் கொண்டுவந்தார்கள். நல்லது, ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை வளர்ந்து எல்லைக்கு அந்தப் பக்கத்து அமெரிக்க ஃபுட்போல் அணி பஃபலோ பில்ஸின் சட்டை போட்டுவிட்டது.

எனக்குப் பயம் மைதானத்தைவிட முதலாளி அறையைப் பற்றித்தான். லீஃப்ஸ், கூடைப்பந்து ராப்டர்ஸ், உதைபந்தாட்ட ரொறன்ரோ எஃப்சி மூன்றையும் வைத்திருக்கும் நிறுவனம் 2018இல் ஆர்கோஸையும் வாங்கியது. நாலு பிள்ளை வீட்டில் கடைக்குட்டி செல்லம் என்பார்கள். இங்கே அப்படித் தெரியவில்லை. அந்த நிறுவனத்தில் பங்கு வைத்திருந்த பெல் தொலைத்தொடர்பு நிறுவனம் 2025இல் தன் பங்கைப் போட்டி நிறுவனமான ரொஜர்ஸிடம் விற்றுவிட்டு வெளியேறியது. ஆட்டத்தைக் காட்டும் ரிஎஸ்என் பெல்லுடையது. ஆகவே இனி அணி ஒருவர் கையில், ஒளிபரப்பு போட்டியாளர் கையில். கூட்டமும் இல்லாமல் ஒளிபரப்பு லாபமும் இல்லாத அணியை ரொஜர்ஸ் எத்தனை நாள் வைத்திருக்கும் என்று கேட்டிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

2027 முதல் மைதானத்தின் நீளத்தை 110 யார்டிலிருந்து 100 ஆக, அமெரிக்க அளவுக்குக் குறைக்கப்போகிறார்களாம். எனக்கு இது பிடிக்கவில்லை. அமெரிக்க ஆட்டம் வேண்டுமென்பவர் பஃபலோவுக்கே போய்ப் பார்த்துவிடுவார். ரெஜைனாவில் சனம் கோதிய வத்தகப்பழத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருவது தங்கள் ஊர் அணி என்பதற்காகத்தான், யார்டைக் கணக்குப் பார்த்து அல்ல.

உங்களிடமும் ஒரு குறை. அமெரிக்க ஃபுட்போலின் இறுதியாட்டமான சூப்பர் போலுக்கு அரைப் பக்கம் போடுகிறீர்கள். 2024 கார்த்திகையில் ஆர்கோஸ் கிரே கோப்பை இறுதியாட்டத்தில் வின்னிபெக்கை 41-24 என்று வென்ற செய்தியை உங்கள் பத்திரிகையில் தேடினேன், ஒரு வரி இல்லை. அணிக்காரரும் அப்படித்தான். ஆவணியில் மார்க்கம் வீதித் தெருவிழாவுக்கு வரும் சனத்துக்கு நடுவே ஒரு கூடாரம் போட்டு, சிறுவர்களிடம் அந்த முட்டைப் பந்தைக் கொடுத்து எறியவிட்டால் என்ன? விதியை விளங்கப்படுத்த ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், கிளித்தட்டு தெரிந்தவருக்குப் பத்து நிமிடம் போதும். அதுவரைக்கும் நீங்கள் அடுத்த பருவத்து ஆட்ட அட்டவணையையாவது போடுங்கள். கோ ரயிலில் எக்சிபிஷன் நிலையத்தில் இறங்கினால் மைதானம் நடை தூரம்தான் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்