அ, ஆ சொல்லிக்கொடுக்க முதுமாணி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் கல்விப் பக்கத்தில் மலையகப் பாடசாலைகளைப் பற்றி வந்த கட்டுரையை முழுவதும் வாசித்தேன். பெரும்பகுதி நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் ஒரு வரி: ‘அ, ஆ சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்களுக்கெல்லாம் முதுமாணிப் பட்டம் எதற்கு?’ அதை வாசித்த பிறகு எனக்கு அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை.

19 வருடமாக ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் பயிற்சி பெற்று, வேலை செய்துகொண்டே பட்டத்தை முடித்து, அப்புறம் வாசிப்புக் கற்பித்தலை ஆய்வுக்கு எடுத்துக் கல்வி முதுமாணியும், அதாவது முதுகலைப் பட்டமும், செய்தேன். ஆகவே அந்தக் கேள்வி என்னைத்தான் கேட்கிறது. பதில் சொல்கிறேன்.

தரம் 3இல் ஒரு பையன் என்னிடம் வந்தான். இரண்டு வருடமாகக் கடைசி வாங்கில் இருந்தவன். அட்டையில் எழுத்தைக் காட்டினால் சொல்லிவிடுவான். புத்தகத்தைக் கொடுத்தால் வாய் திறக்கமாட்டான். இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் முன்பெல்லாம் நானும் ‘இன்னும் பத்துத் தரம் எழுது’ என்றுதான் சொன்னேன். அவர்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது. நியூசிலாந்துக் கல்வி ஆய்வாளர் மேரி க்ளே வகுத்த வாசிப்புப் பதிவு முறையை முதுமாணிப் படிப்பில்தான் தெரிந்துகொண்டேன். பிள்ளை வாசிக்கும்போது இடையில் திருத்தக்கூடாது. பக்கத்தில் இருந்து, எந்தச் சொல்லை எப்படி வாசித்தது, எங்கே நின்றது, எங்கே தானாகத் திரும்பிப் போய்த் திருத்தியது என்று ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான்கு நாள் குறித்ததில் விஷயம் பிடிபட்டது. கொம்பு (ெ) வருகிற சொல்லில்தான் அவன் நிற்கிறான். நம் எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கும், அதன் ஓசை பின்னால் வரும். ‘கொ’வில் முன்னால் கொம்பு, நடுவில் க, பின்னால் அரவு (ா). இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார் என்று சொல்லிக்கொடுத்தது நாங்கள்தான். அவன் சொன்னபடியே செய்திருக்கிறான். மூன்றையும் ஒரே வட்டத்துக்குள் போட்டு, ஒரே எழுத்தாகப் பார்க்கப் பழக்கினேன். இரண்டாம் தவணை முடியும்போது, கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் பலகையில் இருந்த ‘கொழுந்து’ என்ற சொல்லை மகன் தானாக வாசித்தான் என்று அவன் அம்மா பாடசாலைக்கு வந்து சொல்லி அழுதார். கொழுந்து பறித்துப் பறித்து விரலெல்லாம் கறுத்துப்போன அந்தக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இதற்குத்தான் ஐயா, முதுமாணி.

‘க’ என்ற ஒரே எழுத்து, கல்லில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி, அகலத்தில் வேறு மாதிரி ஒலிக்கிறது. வீட்டில் ‘வந்துருச்சு’ என்று பேசுகிற பிள்ளைக்குப் புத்தகத்தில் ‘வந்துவிட்டது’ என்று இருக்கிறது. வீட்டில் பேப்பரும் புத்தகமும் புழங்கினால் இதெல்லாம் மெல்ல மெல்லப் பழகிவிடும். அம்மா விடியற்காலையில் மலைக்குப் போய் இருட்டும்போது திரும்புகிற வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பறையை விட்டால் வேறு இடம் இல்லை. அந்த வகுப்பறைக்கு, படித்த ஆசிரியர் வேண்டாமா?

அந்த வரி எனக்குப் புதிதும் இல்லை. முதுமாணிப் பரீட்சைக்காக இரண்டு நாள் லீவு கேட்டு ஓர் அலுவலகத்தில் நின்றபோது, ‘சின்ன வகுப்புத்தானே டீச்சர், எதுக்கு இவ்வளவு கஷ்டப்படுறீங்க?’ என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். லீவு கிடைக்கவில்லை, சம்பளம் வெட்டப்பட்டது. இரண்டு வருடம் வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் ஹட்டனுக்குப் போய்க் கொழும்பு பஸ் ஏறினேன். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு மீண்டும் வகுப்பில் நின்றேன். விரிவுரை தமிழில்தான். ஆனால் வாசிக்கத் தந்ததெல்லாம் ஆங்கிலம், உதாரணங்களும் ஆங்கில எழுத்துக்களே. கொம்பைப் பற்றி ஒரு பக்கம்கூட அங்கே கிடைக்கவில்லை. அதை என் வகுப்புப் பிள்ளைகளிடம்தான் தெரிந்துகொண்டேன்.

பட்டம் வந்த பிறகு நடந்ததுதான் பெரிய வேதனை. ‘இவ்வளவு படித்தவரைச் சின்ன வகுப்பில் வீணாக்கக் கூடாது’ என்று என்னைத் தரம் 10க்கு மாற்றினார்கள். அங்கேயும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் ஏழு பேர் இருந்தார்கள். மீண்டும் சின்ன வகுப்புக்கு வர ஒன்றரை வருடம் கெஞ்சினேன்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இது போதும் என்கிற பேச்சின் வயது உங்களுக்குத் தெரியும். நாட்டுக்கு இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளோ தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. அவற்றை அரசு பொறுப்பேற்க 1970கள் வரை ஆயிற்று. என் அப்பா படித்தது ஒரே அறையில், ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியரிடம். பிறகு எங்கள் இளைஞர்களை ஆசிரிய உதவியாளர்கள் என்று எடுத்து மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவில் வகுப்புக்கு அனுப்பினார்கள். மலையக மக்கள் இலங்கைக்கு வந்த 200 வருடத்தை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் ஆட்கள் நடந்ததை நீங்கள் எவ்வளவு மரியாதையாக வெளியிட்டீர்கள்! அந்தப் பக்கங்களை வெட்டி வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அதே பத்திரிகையில் இந்த வரியைப் பார்த்தபோது சொந்த வீட்டில் பேச்சு வாங்கியது போல இருந்தது.

மறுப்போ மன்னிப்போ நான் கேட்கவில்லை. ஒரே ஒரு உதவி. ஆசிரியர்களுக்கான பட்டப்பின் படிப்புகளுக்கு விண்ணப்பம் கோரும் அறிவித்தல்களை, முடிவுத் திகதிக்கு மூன்று வாரம் முன்பாகவே கல்விப் பக்கத்தில் போடுங்கள். எங்கள் தோட்டத்துக்குப் பத்திரிகை மத்தியான பஸ்ஸில்தான் வருகிறது. அதற்குப் பிறகு அதிபரின் கையெழுத்து, வலயக் கல்விப் பணிமனையின் சிபாரிசு, தபால் என்று எத்தனையோ இருக்கிறது. போன முறை எங்கள் பாடசாலையில் இரண்டு இளம் டீச்சர்மார் அறிவித்தலைப் பார்த்தபோது முடிவுத் திகதிக்கு இரண்டே நாள் மிச்சம் இருந்தது. இருவரும் தரம் 1க்குப் படிப்பிக்கிறவர்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆரம்பப் பிரிவு ஆசிரியை,
பொகவந்தலாவை.