முதலில் சோள மூட்டையை இறக்குங்கள்

மும்பை மாட்டுங்கா கிழக்கில் உள்ள எங்கள் குடியிருப்பு சொசைட்டியின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். புறா பிடிக்க இரண்டாம் முறையாக வீட்டுக்கு 500 ரூபாய் கேட்டு அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். நான் தரப்போவதில்லை. காரணத்தை எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இந்தத் திறந்த மடல்.

போன ஜனவரியில் மொட்டைமாடியில் எண்ணிப் பார்த்தேன், ஏறக்குறைய 200. வலை போட்டுப் பாதியைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனார்கள். தீபாவளிக்குள் மறுபடியும் 200. கொண்டுபோய் விட்டவற்றில் சில திரும்பியிருக்கும். ஓலை சுமந்த பறவைக்கு வழி சொல்லித்தர வேண்டுமா என்ன? ஆனால் பெரிய காரணம் கணக்கில் இருக்கிறது.

ஒரு ஜோடி ஆண்டுக்கு 8 குஞ்சு பொரித்து, ஒன்றுகூடச் சாகாமல் அத்தனையும் அதேபோல் பெருகினால், பத்தே ஆண்டில் இரண்டு கோடியை நெருங்கிவிடும். நெருங்குவதில்லை, அதற்குள் தீனிக்கும் கூடு கட்ட இடத்துக்கும் தட்டுப்பாடு வந்துவிடும். ஓரிடம் எத்தனை உயிர்களைத் தாங்குமோ அதுவே அதன் தாங்குதிறன். பெல்ஜியக் கணிதர் வெர்ஹுல்ஸ்ட் 1838-இல் இதைச் சமன்பாடாக்கினார். எண்ணிக்கை முதலில் மெல்ல ஏறும், பிறகு பாயும், தாங்குதிறனை நெருங்கும்போது தளரும். அந்தப் பாய்ச்சல் உச்சத்தில் இருப்பது எங்கே தெரியுமா? தாங்குதிறனின் சரிபாதியில். நம் மாடி தாங்கும் 200-ஐ 100 ஆக்கி, காசும் கொடுத்து, புறாக்களை அந்த இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறோம். தீனியோ குறையவில்லை, மிஞ்சியவற்றுக்குப் பங்கு இரட்டிப்பு.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1961 முதல் 1985 வரை ஏறத்தாழ ஒரு லட்சம் புறாக்களைக் கொன்றும் எண்ணிக்கை இறங்கவில்லை. 1988-இல் தொடங்கி, தீனி போடாதீர்கள் என்று மக்களிடம் எடுத்துச் சொன்னார்கள். நான்கைந்து ஆண்டுகளில் பாதியாகக் குறைந்தது.

நம் கட்டடத்தின் தாங்குதிறன் தண்ணீர்த் தொட்டியருகே தினமும் கொட்டப்படும் சோளத்திலும், ஏசி பெட்டிகளின் பின்னிடுக்கிலும் இருக்கிறது. மாடப்புறாவுக்கு நாமே மாடம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். காக்கைக்கு ஒரு பிடி வைத்துவிட்டு உண்ணும் வீட்டில் வளர்ந்தவன்தான் நானும். பிடி வேறு, மூட்டை வேறு.

மாடிக்கு மூட்டை ஏறுவதை நிறுத்துங்கள். அந்த 500 ரூபாயை இடுக்குகளுக்கு வலை அடிக்கக் கேளுங்கள், இன்றே தருகிறேன். என் ஏசி பெட்டியை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு ஈர்க்கும் ஒரு துண்டு மின்கம்பியும் வைத்த கூட்டில் நேற்று இரண்டாவது முட்டையும் விழுந்துவிட்டது. பொரிக்கச் சுமார் 18 நாள், குஞ்சு பறக்க அதன்பின் ஒரு மாதம்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடிக்காரன்